இசியுவுக்கு 12 வோல்ட்டை எங்கிருந்து எடுப்பது?

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்ஷன் போடுகிறவர்கள், டொயோட்டா டாஸுக்குள் 20 வால்வு பிளாக்டாப் எஞ்சினை இறக்குகிறவர்கள், ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃபில் டர்போ மாட்டுகிறவர்கள் என்று டர்பனில் நம் ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது. சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ சனிக்கிழமை மத்தியானம் ஒரு சுற்று வந்தால் பானட் திறந்து கிடக்கிற வண்டி ஒன்றாவது கண்ணில் படும். எந்த இசியு (எஞ்சினுக்குப் பெட்ரோலையும் தீப்பொறியையும் அளந்து கொடுக்கிற கம்ப்யூட்டர்) வாங்கலாம், இந்த நாட்டிலேயே செய்கிற டிக்டேட்டர், ஸ்பிட்ரானிக்ஸ், கோடெக் போதுமா, இல்லை வெளியிலிருந்து லிங்க், ஹால்டெக் வரவழைக்க வேண்டுமா, இன்ஜெக்டர் எத்தனை சிசி என்றெல்லாம் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஆனால் அந்த இசியுவுக்குப் போகிற 12 வோல்ட் எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்டால், "சாவி போட்டா கரண்ட் வர்ற ஏதாவது ஒரு ஒயர்ல மாட்டிக்கலாம்" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கு இது மனசுக்கு ஒப்பவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் டியூன் சரியில்லை என்று வருகிற வண்டிகளில் பாதிக் கதை அந்த ஒரு ஒயரில்தான் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வண்டிகளுக்கு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக ஒரு ஒயர், பக்கத்திலேயே ஒரு பியூஸ், அதற்கப்புறம் ஒரு ரிலே (சின்னக் கரண்டில் எழுந்து பெரிய கரண்டை விடுகிற சுவிட்ச்), அந்த ரிலேயிலிருந்து இசியுவுக்கும் இன்ஜெக்டர்களுக்கும் சேர்த்தே கரண்ட். இக்னிஷன் சாவி அந்த ரிலேயை எழுப்புகிற வேலையை மட்டும் செய்தால் போதும். இதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன, சிலருக்கு வேறு வழிதான் நல்லது, அதையும் சொல்கிறேன். ஆனால் ஏன் என்று புரியாமல் எந்த வழியையும் எடுக்காதீர்கள்.

இசியு கேட்பது பெரிய கரண்ட் இல்லை. பெட்டிக்கு மட்டும் என்றால் ஒரு ஆம்பியர், மிஞ்சிப் போனால் இரண்டு. அதனால்தான் எந்த ஒயரிலும் மாட்டலாம் என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் அதற்கு வேண்டியது மூன்று விஷயம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது கரண்ட் ஒரு நொடிகூட விட்டுப்போகக் கூடாது. ஓடும்போது வோல்டேஜ் ஆடக் கூடாது. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துபோகிறார்கள்: இசியு தன் பின்னில் (ஒயர் வந்து சேர்கிற முனையில்) பார்க்கிற வோல்டேஜும், இன்ஜெக்டரும் பிளக்குக்குத் தீப்பொறி தருகிற காயிலும் தங்கள் பின்னில் பார்க்கிற வோல்டேஜும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இன்ஜெக்டருக்குக் கரண்ட் கொடுத்த உடனே அது திறந்துவிடாது, ஊசி எழும்ப ஒரு சின்ன நேரம் பிடிக்கும். அந்த நேரம் வோல்டேஜைப் பொறுத்தது. வோல்டேஜ் குறைந்தால் நேரம் கூடும். ஒரு இன்ஜெக்டருக்கு 14 வோல்ட்டில் 0.9 மில்லிசெகண்ட், 12 வோல்ட்டில் 1.2 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இசியு தனக்கு வருகிற வோல்டேஜை அளந்து, அட்டவணையைப் பார்த்து, அந்தத் தாமதத்தை ஒவ்வொரு பல்ஸிலும் கூட்டிக்கொடுக்கும். இப்போது இசியுவுக்கு ஒரு தேய்ந்த இக்னிஷன் சுவிட்ச் வழியாக 12.7 வோல்ட்தான் வருகிறது, இன்ஜெக்டர்களுக்கோ தனி ரிலே வழியாக 13.9 வருகிறது என்றால் என்ன நடக்கும்? இன்ஜெக்டரும் சோர்ந்திருக்கிறது என்று நினைத்து இசியு 0.18 மில்லிசெகண்ட் அதிகமாகக் கொடுக்கும். முழு வேகத்தில் பல்ஸ் 10, 12 மில்லிசெகண்ட் இருக்கும்போது இது கண்ணுக்கே தெரியாது. ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) உண்மையில் பெட்ரோல் ஊற்றுகிற நேரமே 1.5 மில்லிசெகண்ட்தான் என்றால், அங்கே இது 12 சதவீதம் அதிகப் பெட்ரோல். காயிலுக்கும் இதே கதைதான், வோல்டேஜ் குறைவு என்று நம்பி இசியு அதிக நேரம் சார்ஜ் செய்யும், காயிலும் இக்னைட்டரும் சூடேறிக் கிடக்கும்.

வித்தியாசம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால்கூட டியூனில் சரிக்கட்டிவிடலாம். அது ஹெட்லைட் போட்டால் ஒரு மாதிரி, ஃபேன் ஓடினால் ஒரு மாதிரி மாறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் தொல்லை.

இசிப்பிங்கோவில் இருக்கிற என் அக்கா மகனுடைய சிட்டி கோல்ஃபில் நடந்தது இதுதான். பகலில் டைனோவில் (எஞ்சினின் சக்தியை அளக்கிற மேடையில்) டியூன் செய்தபோது ஐடிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 14.5-இல் அழகாக நின்றது. ராத்திரி மழையில் ஹெட்லைட், வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு ரோபோட்டில், அதாவது சிக்னலில், நின்றால் பெட்ரோல் கூடி 13-க்கு இறங்கிவிடும், பிளக் கறுத்துப்போகும். "மாமா, டியூன் சரியில்ல போல, மறுபடி டைனோவுக்குப் போகணுமா?" என்று கேட்டான். மீட்டரை எடுத்துப் பார்த்தால் பேட்டரியில் 13.9, இசியு பின்னில் 12.7. இன்ஜெக்டருக்கு ரிலே போட்டுத் தந்தவர் இசியுவை மட்டும் சாவிக்குப் பின்னால் போகிற பழைய கறுப்பு ஒயரில் மாட்டியிருந்தார். இரண்டையும் ஒரே ரிலேக்கு மாற்றிய பிறகு வித்தியாசம் 0.1 வோல்ட். டியூனில் ஒரு எண்ணைக்கூடத் தொடவில்லை.

சரி, இப்போது வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ரேடியோ ஒயர், சிகரெட் லைட்டர், ஆக்சஸரி பியூஸ்: இவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் பாரத்தைக் குறைக்க இந்த வரிசைகள் பெரும்பாலும் துண்டிக்கப்படும், அப்படித்தான் கார்க் கம்பெனிகள் வடிவமைத்திருக்கின்றன. ஜெர்மன் வண்டிகளில் முனைகளுக்கு எண் உண்டு: 30 என்றால் எப்போதும் பேட்டரி, 15 என்றால் சாவி போட்டால் வருவது, 50 ஸ்டார்ட்டர், 31 எர்த். சிட்டி கோல்ஃபில் சிவப்பு ஒயர் 30, கறுப்பு 15, பழுப்பு எர்த், கறுப்பும் மஞ்சளும் கலந்தது எக்ஸ். அந்த எக்ஸ்தான் ஸ்டார்ட் செய்யும்போது செத்துப்போகிற வரிசை. சாவியை ஆன் வரைக்கும் திருப்பிப் பார்த்து "12 வோல்ட் வருதே" என்று அதில் இசியுவை மாட்டினால், பம்ப் இரையும், லாப்டாப்பில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், சாவியை இன்னும் ஒரு படி திருப்பினதும் இசியு அணைந்துவிடும். எஞ்சின் சுற்றும், பிடிக்காது. சாவியை விடுகிற அந்த ஒரு கணத்தில் சில சமயம் பிடித்தும் தொலைக்கும், அதனால் ஆட்கள் கிராங்க் சென்சாரையும் டைமிங்கையும் சந்தேகப்பட்டு நாள் கணக்கில் அலைவார்கள். எந்த ஒயரையும் தேர்வு செய்வதற்கு முன்னால் ஒரு டெஸ்ட் லாம்பை அதில் மாட்டி, யாரையாவது ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். விளக்கு மங்கலாம், அணையக் கூடாது.

அடுத்தது உண்மையான 15, அதாவது காயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒயர். கார்புரேட்டர் வண்டிகளில் எல்லார் கையும் முதலில் போவது இதன் மேல்தான், பானட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஸ்டார்ட் செய்யும்போதும் உயிரோடு இருக்கிறது. செலவே இல்லை. இதன் குறை, இந்தக் கரண்ட் கடந்து வருகிற பாதை. பேட்டரியில் புறப்பட்டு, பியூஸ் பெட்டிக்குள் நுழைந்து, ஸ்டீயரிங் தண்டில் இருக்கிற சுவிட்சுக்குப் போய், திரும்பவும் பியூஸ் பெட்டிக்கு வந்து, ஃபயர்வாலைத் தாண்டி வருகிறது. சிட்டி கோல்ஃப் 1984-இல் வந்து 2009 வரை யூட்டன்ஹேக்கில் தயாரான வண்டி. அதாவது ஆகப் புதியதற்கே பதினைந்து வயது தாண்டிவிட்டது. அந்தச் சுவிட்சுக்குள் இருக்கிற தகடுகள் எத்தனை ஆயிரம் தடவை உரசியிருக்கும்! அதோடு நமக்கு உப்புக் காற்று வேறு. புளஃப் பக்கம், கடலோரமாக நிற்கிற வண்டிகளில் பியூஸ் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள், பித்தளைத் தகடெல்லாம் பச்சை பூத்திருக்கும். ஒவ்வொரு பச்சையும் கால் வோல்ட் தின்னும்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. பிளாட்டினம் பாயிண்ட் காலத்து வண்டிகளில் காயிலுக்குப் போகிற ஒயரே ஒரு ரெசிஸ்டன்ஸ் ஒயராக இருக்கும், அல்லது நடுவில் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். மீட்டரில் சும்மா பார்த்தால் 12 காட்டும், கரண்ட் இழுக்க ஆரம்பித்ததும் 9-க்கோ 8-க்கோ விழும். அதில் இசியுவை மாட்டவே கூடாது. ஆனால் நல்ல 15-ஐ, ரிலேயை எழுப்புகிற சிக்னலாக மட்டும் எடுத்துக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. ரிலேயின் காயில் இழுப்பது 150 மில்லிஆம்பியர் மாதிரிதான், எவ்வளவு வயசான சுவிட்சும் அதைத் தாங்கும்.

ஏற்கனவே இன்ஜெக்ஷனோடு வந்த வண்டி என்றால் பேச்சு வேறு. டாஸ் 130 கார்புரேட்டர் வண்டி, அதில் ஒன்றும் கிடையாது. 160ஐ என்றால் கம்பெனி போட்ட மெயின் ரிலே பானட்டுக்குள்ளேயே இருக்கிறது, பியூஸோடு, சரியான தடிமன் ஒயரோடு. கம்பெனியின் ஒயரிங் நல்ல நிலையில் இருந்தால் அதை வெட்டி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை. டொயோட்டாவின் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் அளந்து போட்ட ஹார்னஸை (ஒயர்க் கட்டை) விட, கராஜில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நாம் கட்டுவது உசத்தி என்று சொல்ல நமக்கு நல்ல காரணம் வேண்டும். பழைய சாக்கெட்டிலேயே செருகுகிற அடாப்டர் கிடைத்தால் தாராளமாக அந்த வழியில் போகலாம்.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பல பழைய டொயோட்டாக்களில் இசியுவுக்கு மெயின் ரிலேயிலிருந்து கரண்ட் வரும், இன்ஜெக்டர்களுக்கோ இக்னிஷன் சுவிட்ச் வழியாக வரும். மேலே சொன்ன பிரச்சினையின் மறுபக்கம் இது: இசியு 13.9 பார்க்கும், இன்ஜெக்டர் 13-ஐப் பார்க்கும், ஐடிலில் பெட்ரோல் குறைந்து திணறும். வண்டி புதிதாக இருந்தபோது இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை, கம்பெனி டியூனும் அதோடு சேர்த்தே செய்யப்பட்டது. முப்பது வருஷம் கழித்து, இன்னும் பெரிய இன்ஜெக்டரைப் போட்டுவிட்டு அதையே எதிர்பார்க்க முடியாது. ஒயரிங் படத்தை எடுத்து இன்ஜெக்டரின் பொது ஒயர் எங்கே போகிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். சுவிட்சுக்குப் போனால், அந்த ஒன்றை மட்டும் மெயின் ரிலே பக்கம் மாற்றினால் போதும். மோட்ரானிக் என்கிற போஷ் இன்ஜெக்ஷன் வைத்த இ30 பி.எம்.டபிள்யூக்காரர்களுக்கு இன்னொரு குறிப்பு: அங்கே மெயின் ரிலேயைச் சாவி எழுப்புவதில்லை, பழைய இசியுவேதான் எர்த் கொடுத்து இழுத்துப் பிடிக்கிறது. புது இசியுவில் அந்த வேலைக்கு ஒரு அவுட்புட் ஒதுக்காவிட்டால் வண்டியில் உயிரே வராது, ஆட்கள் இசியு செத்துவிட்டது என்று பயந்துபோவார்கள்.

இனி நான் சொன்ன வழி, புது ரிலே. செலவு சில நூறு ராண்டைத் தாண்டாது: நல்ல ரிலே ஒன்று, ரப்பர் மூடியுள்ள பியூஸ் ஹோல்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் சில மீட்டர், ஒயர் நுனியில் மாட்டுகிற லக். ஒயரின் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 3 மீட்டர் நீளத்துக்கு, 10 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட்டை விழுங்கிவிடும், 2.5 என்றால் 0.2 வோல்ட்தான். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் வர வேண்டும், ஏனென்றால் பியூஸ் காப்பாற்றுவது அதற்குப் பின்னால் வருகிற ஒயரைத்தான், அதற்கு முன்னால் இருக்கிற ஒயர் பாடியில் உரசினால் தீ பிடிப்பதைத் தடுக்க ஒன்றும் கிடையாது. ரிலேயில் 30-க்கு பேட்டரி, 87-இலிருந்து இசியுவும் இன்ஜெக்டரும், 86-க்கு சாவியின் 15, 85-க்கு எர்த். 87ஏ என்று நடுவில் ஒரு கால் இருந்தால் அது ரிலே தூங்கும்போது கரண்ட் வருகிற கால், அதில் எதையும் மாட்டாதீர்கள். ரிலேக்குள் டையோடு வைத்தது என்றால் 85, 86-ஐ மாற்றிப் போட்டால் ஷார்ட்தான், ஆகவே பிளஸ் 86-இல்தான்.

காயில்களைத் தனி பியூஸில் வையுங்கள், முடிந்தால் தனி ரிலேயில். பிளக் மேலேயே உட்காருகிற காயில்கள் சார்ஜ் ஆகி முடிகிற கணத்தில் ஒவ்வொன்றும் 7, 8 ஆம்பியர் வரை இழுத்துச் சட்டென்று விடும், அந்த இழுப்பு இசியுவின் ஒயரில் தெரியாமல் இருப்பது நல்லது. அப்போது காயிலின் வோல்டேஜ் வேறாகிவிடாதா என்று கேட்கலாம். இரண்டு ரிலேயும் பேட்டரியின் ஒரே முனையிலிருந்து நல்ல ஒயரில் எடுத்தால் வித்தியாசம் பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் போகாது, அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெட்ரோல் பம்ப்புக்குக் கட்டாயம் தனி ரிலே, அதை எழுப்புவது சாவி இல்லை, இசியு. எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று நொடியில் பம்ப் நின்றுவிட வேண்டும். பம்ப்பைச் சாவியோடு கட்டிவிட்டு, N3 நெடுஞ்சாலையில் யாராவது பின்னால் வந்து இடித்து எஞ்சின் நின்றுபோனால், உடைந்த குழாயில் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இதில் சமாதானம் பேச இடமே இல்லை.

பேட்டரியிலிருந்து என்றேன், ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. பக்கத்தில் இருக்கிறது, வோல்டேஜும் அங்கேதான் அதிகம். ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிற கரண்டில் அலை இருக்கும், பேட்டரிதான் அதை மட்டப்படுத்துகிறது. ஓடும்போது பேட்டரி முனை ஒருமுறை கழன்றால் ஆல்டர்னேட்டர் தூக்கி அடிக்கிற வோல்டேஜும் முதலில் வந்து விழுவது அங்கேதான். ஆகவே பேட்டரி முனையே சரி. பேட்டரியை டிக்கிக்கு மாற்றியவர்கள், அங்கிருந்து வரும் தடித்த கேபிளை பானட்டுக்குள் ஒரு போல்ட்டில் முடித்து அங்கிருந்து பிரித்துக்கொள்ளலாம், டிக்கியிலிருந்து சின்ன ஒயரைத் தனியாக இழுத்து வர வேண்டியதில்லை.

பிளஸ் பக்கம் இவ்வளவு பார்த்துவிட்டு எர்த்தை பாடியில் ஒரு ஸ்க்ரூவில் முடித்தால் எல்லாம் வீண். இசியுவின் பவர் எர்த் நேராக எஞ்சின் பிளாக்கிலோ ஹெட்டிலோ போக வேண்டும், பெயின்ட்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு. சென்சார் எர்த் இசியுவுக்கே திரும்பிப் போக வேண்டும், பிளாக்குக்குப் போகக் கூடாது.

ரிலே வழியில் ஒரு வினோதமான கோளாறு வரலாம், சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் நிற்காது. ரிலேயை எழுப்பத்தான் 7, 8 வோல்ட் வேண்டும், ஒருமுறை எழுந்துவிட்டால் 2, 3 வோல்ட்டிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். சாவியை அணைத்தாலும் எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்வரை ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுக்கும், அது டாஷ்போர்டில் இருக்கிற பேட்டரி விளக்கின் வழியாகப் பின்னோக்கி 15 வரிசைக்கு வந்து, ரிலேயைப் பிடித்து வைக்கும். ரிலே விடாததால் எஞ்சின் ஓடுகிறது, எஞ்சின் ஓடுவதால் ரிலே விடவில்லை. சுழல்கிற ரேடியேட்டர் ஃபேனும் சில ஒயரிங்கில் இதே வேலையைச் செய்யும். அந்த விளக்கின் ஒயரில், ஆல்டர்னேட்டரை நோக்கி மட்டும் கரண்ட் போகிற மாதிரி ஒரு டையோடு போட்டால் தீர்ந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற 1N4007 போதும்.

இசியுவே ரிலேயைப் பிடித்து வைத்திருக்கிற வழி எப்போது தேவைப்படும்? ஐடிலுக்கு ஸ்டெப்பர் மோட்டார் வைத்த வண்டிகளில், சாவியை எடுத்த பிறகு அந்த மோட்டாரைத் திரும்பவும் தொடக்கத்துக்குக் கொண்டுவர இசியுவுக்குச் சில நொடி கரண்ட் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடுத்த தடவை ஸ்டார்ட் செய்யும்போது வால்வு எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. அப்போது சாவியின் 15 இசியுவுக்கு வெறும் சேதியாகப் போகும், ரிலேக்கு எர்த் கொடுப்பது இசியுவின் வேலை. ரிலே விடாமல் போனால் ராத்திரியோடு பேட்டரி காலியாகிவிடும் என்பதால், கட்டி முடித்ததும் சாவியை எடுத்துவிட்டு காதைக் கொடுத்து அந்த "டிக்" வருகிறதா என்று கேளுங்கள். எலக்ட்ரானிக் திராட்டில் வைத்த எஞ்சின் என்றால் திராட்டில் மோட்டாருக்கு தனி ரிலே, அதுவும் இசியுவின் கையில். ஏதாவது தவறினால் கரண்ட்டை வெட்டி ஸ்ப்ரிங் மூடிவிட வேண்டும். கேபிள் திராட்டிலும் சாதாரண சோலனாய்டு ஐடில் வால்வும் இருக்கிற வண்டிக்கு இந்தச் சிக்கலெல்லாம் தேவையில்லை. மேப் (இசியுவில் ஏற்றிய டியூன் அட்டவணை) அழிந்துவிடும் என்று பயந்து எப்போதும் கரண்ட் கொடுத்து வைக்க வேண்டியதும் இல்லை, இப்போது வருகிறவை ஃபிளாஷில் சேமித்துக்கொள்கின்றன.

பிடிஎம் என்கிற, ரிலேயும் பியூஸும் இல்லாமல் எல்லாவற்றையும் உள்ளேயே செய்கிற பெட்டியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அருமையான சாமான், ஒவ்வொரு வரிசையும் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பதிவு செய்யும், பம்ப் சாகப்போவதை முன்கூட்டியே காட்டிவிடும். விலை பல்லாயிரம் ராண்ட். மொத்த ஒயரிங்கையும் உரித்து முதலிலிருந்து கட்டுகிற ரேஸ் வண்டிக்கு அது நியாயம். தினமும் வேலைக்குப் போகிற சிட்டி கோல்ஃபுக்கு அந்தப் பணத்தில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கிற நல்ல வைட்பேண்ட் சென்சாரும், லக்கை ஒயரில் நசுக்கிப் பிடிக்க வைக்கிற, அதாவது கிரிம்ப் செய்கிற, நல்ல கருவியும் வாங்கினால் மிச்சமும் இருக்கும்.

கருவி என்றதும் ஒன்று. நம் ஈரத்தில் ஒயரை முறுக்கி டேப் சுற்றினது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. சரியான அளவு லக், சரியான கிரிம்ப், உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி நிமிர்த்தி மாட்டுங்கள், கவிழ்த்து வைத்தால் தண்ணீர் கால்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். சந்தையில் பெயர் மட்டும் ஒட்டின ரிலேகள் கிடைக்கின்றன, 40 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், பிரித்தால் உள்ளே தகடு காகிதம் மாதிரி இருக்கும். பெட்டி முழுக்க வாங்குவதை விட நல்லதாக மூன்று வாங்குங்கள்.

எந்த வழியில் கட்டினாலும் கடைசியில் இதை அளந்து பார்க்காமல் டைனோவுக்குப் போகாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஃபேன், வைப்பர், ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பு முனையை இசியுவின் 12 வோல்ட் பின்னின் பின்பக்கத்திலும் தொடுங்கள். எர்த்தைத் தொடவே வேண்டாம். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோன வோல்டேஜ் எவ்வளவு என்பதைத்தான். 0.2-க்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ கோளாறு, பியூஸ் ஹோல்டர், ரிலே சாக்கெட் என்று ஒவ்வொரு படியாகக் கறுப்பு முனையை நகர்த்திக்கொண்டே வாருங்கள், எண் குதிக்கிற இடம்தான் குற்றவாளி. அதையே இன்ஜெக்டரின் பொது ஒயரிலும் செய்து, இரண்டு எண்ணும் ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். எர்த் பக்கத்துக்கும் ஒரு தடவை, பேட்டரி மைனஸிலிருந்து இசியு எர்த் பின்னுக்கு. அப்புறம் லாப்டாப்பில் இசியு காட்டுகிற பேட்டரி வோல்டேஜை மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸி ரேஸ்வேயிலோ வேறு டிராக்கிலோ ஓட்டப்போகிறவர்கள், அவசரத்தில் கரண்ட்டை வெட்டி எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்ச் போட வேண்டியிருக்கும், அதை வாங்கும்போதே பாருங்கள். பேட்டரியை மட்டும் துண்டிக்கிற சாதாரண சுவிட்ச் ஓடுகிற எஞ்சினை நிறுத்தாது, ஆல்டர்னேட்டரே இசியுவுக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கும், பேட்டரி இல்லாத வோல்டேஜ் ஆட்டத்தில் இசியுவும் அடிபடலாம். பெரிய முனைகளோடு சின்ன முனைகளும் உள்ள சுவிட்ச் ஒன்று உண்டு. அந்தச் சின்ன முனைகளில் ஒரு ஜோடி வழியாக ரிலேயின் 86-க்குப் போகிற 15 ஒயரைக் கொண்டுபோனால், ஒரே திருப்பில் பேட்டரியும் போகும் இசியுவும் போகும். இன்னொரு ஜோடி, ஆல்டர்னேட்டரில் மிஞ்சுகிற கரண்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு இறக்குவதற்கு. மாட்டினதும் எஞ்சினை 3000 ஆர்பிஎம்மில் வைத்துக்கொண்டு ஒரு தடவை சுவிட்சைத் திருப்பிப் பாருங்கள், உடனே அணைய வேண்டும்.